சூர்யகலா பார்க்காத யானை

போடிமெட்டுக்குக் கீழே நூர் முகம்மதுவின் ஏலக்காய்த் தோட்டத்தில், காலையில் யார் எந்தப் பக்கம் இறங்கலாம் என்று சொல்லும் அதிகாரம் முதலாளிக்குக்கூடக் கிடையாது. அது யானைக் காவல் பார்க்கும் சூர்யகலாவுக்குத்தான். விடியுமுன் தோட்டத்தைச் சுற்றிவந்து அவள் தலையாட்டினால்தான், சிலமலை ஊரிலிருந்து ஜீப்பில் வந்த பெண்கள் காய் எடுக்க இறங்குவார்கள். ஆறு வருடமாக அவள் சொல் தப்பியதில்லை.

ராத்திரி தோட்டத்துக்குள் யானை வரவில்லை என்று அன்றைக்கு அவள் சொன்னது தப்பிவிட்டது என்று தோட்டமே சொன்னது. காய் உலர்த்தும் ஸ்டோரின் பின்சுவர் இடிந்து கிடந்தது. உலர்ந்த ஏலக்காய் நான்கு மூட்டையைக் காணோம். பள்ளத்தின் விளிம்பு வரை காய் சிந்தியிருந்தது. முன்னால் இருந்த சிமெண்டுக் களத்தில் மூன்று உருண்டை யானை லத்தி, சாட்சி சொல்வதற்கென்றே வந்ததுபோல உட்கார்ந்திருந்தது.

ராத்திரி யானை வந்து சுவரை முட்டி, மூட்டைகளை இழுத்துப் பள்ளத்தில் எறிந்துவிட்டது என்றார் ஸ்டோர் கீப்பர் ஜெகதீஷ். லீவுக்கு மலையடிவாரத்தில் இருக்கும் தன் ஊரான தேவாரத்துக்குப் போய், முந்தின நாள் சாயங்காலம்தான் தன் ஜீப்பில் திரும்பியிருந்தார். ஊரில் தன் மக்காச்சோளத்தை யானை அழித்த கதையைச் சொல்லி, எல்லோருடைய பரிதாபத்தையும், ஆளுக்கொன்றாக அவர்கள் வாங்கித் தந்த டீயையும் பெற்றிருந்தார்.

பெண்கள் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. எப்போதும் முதல் ஆளாகக் குதிக்கும் பவித்ராவே உட்கார்ந்திருந்தாள்.

"இனிமே ஒன்ன நம்பி எப்பிடிக்கா காட்டுக்குள்ள எறங்குறது?"

சூர்யகலாவுக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. வேலை போனால் வேறு வேலை பார்க்கலாம். இந்தப் பேச்சுக்குப் பிறகு எந்த மலையில் போய் நிற்பது?

போடியிலிருந்து வந்த நூர் முகம்மது கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கணக்கு முடித்துச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சூர்யகலாவிடம் சொன்னார். ஜெகதீஷோ, வனத்துறையில நஷ்ட ஈட்டுக்கு மனு கொடுக்க இப்பவே போடிக்குப் போறேன் என்று தன் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். என்ன ஒரு பொறுப்பு!

சூர்யகலா களத்தில் குந்தி உட்கார்ந்தாள். ஒரு லத்தியைக் கையாலேயே பிட்டாள். உள்ளே மக்காச்சோளத் தோல். தேவாரத்தில் தின்றுவிட்டு மலையேறியிருக்கும் என்று ஜீப்பிலிருந்தபடியே சிரித்தார் ஜெகதீஷ். அதுவும் நடக்கக்கூடியதுதான் என்று அவளும் ஒத்துக்கொண்டாள். பிறகு அடுத்த உருண்டையைப் புரட்டினாள். அடிப்பக்கம் முழுக்கச் செம்மண் அப்பியிருந்தது.

அவளுக்குள் சந்தோஷம் பொங்க, உருண்டையைக் கையில் தூக்கிப் பிடித்தாள்.

"மொதலாளி, இங்க வந்து பாருங்க. சிமெண்டுக் களத்துல விழுந்த லத்திக்கு அடியில செம்மண்ணு எப்பிடி ஒட்டும்? நம்ம தோட்டம் பூரா கருமண்ணு. இது விழுந்தது தேவாரத்துச் செம்மண் சோளக்காட்டுல. யானை இங்க வரல. லத்தி மட்டும் ஜீப்புல வந்துருக்கு."

யானை மாதிரிச் சுவரை இடிக்கத் தெரிந்த மனுஷனுக்கு, லத்தியைத் திருப்பிப் பார்க்கத் தெரியவில்லை. ஜெகதீஷ் ஜீப்பை முடுக்கினான். முன்னால் பெண்கள் வந்த சிலமலை ஜீப் வழியை அடைத்து நின்றது. பவித்ரா குதித்து ஓடிப்போய் அவன் ஜீப்பின் தார்ப்பாயை இழுத்தாள். நான்கு மூட்டையும் பத்திரமாக இருந்தன, நஷ்ட ஈட்டு மனுவோடு சேர்ந்தே போடிக்குப் போவதற்கு.

போலீசுக்குப் போன் போட்டாயிற்று. நூர் முகம்மதுவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நேரமாயிருச்சு, வெரசா காய் எடுக்க எறங்குங்க என்று பெண்களை அழைத்தபடி தானே முன்னால் நடந்தார்.

"நில்லுங்க மொதலாளி. மேக்குச் சரிவுல யானை ரெண்டு நிக்கிது. வெயில் ஏறட்டும், நான் சொல்றேன்."

எல்லோரும் மேற்கே பார்த்தார்கள். பனிமூட்டம் தவிர ஒன்றும் தெரியவில்லை. பவித்ரா சோற்றுத் தூக்குவாளியை இறக்கிவைத்து நிதானமாக உட்கார்ந்தாள்.

நூர் முகம்மது தோட்டத்துக்குள் வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.