பெயர் அழித்த வேன்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது எட்டயபுரம் சாலையில், ஒரு டீக்கடை வாசலில். வெள்ளை வேன் ஒன்று நின்றிருந்தது. டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, சாலையை அடைத்து நின்ற ஆடுகளிடம், "தாயே, கொஞ்சம் ஒதுங்குங்க, நேரமாகுதுல்லா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

ஹாரன் அடித்தால் என்ன என்று கேட்டேன்.

"அதக் கழட்டியாச்சு அண்ணாச்சி."

ஏன் என்றேன். ஆடுகள் ஒதுங்கும்வரை சொன்னார். ஒதுங்கியதும் போய்விட்டார். அவர் சொன்னது பாதிக் கதை. மீதி நான் கட்டியது. எந்தப் பாதி யாருடையது என்று கேட்காதீர்கள். சில இடங்களில் எனக்கே...

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

"கரிசல் காட்டின் மேல் விடியல் ஒரு கறுப்புப் போர்வையை மெல்ல—" வேண்டாம். இந்தப் போர்வையை ஏற்கெனவே பலர் விலக்கிவிட்டார்கள்.

"நிறுவனங்கள் தங்கள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற சட்டம் வந்தபின்—" இது கட்டுரை. ஆனால் இதற்குள் இருக்கும் கேள்வி எனக்கு வேண்டும்: தீயால் கை வெந்தவர்களுக்கு உதவி செய்ய, தீக்குச்சி செய்யும் ஆலையிடமே கை நீட்டலாமா?

மூன்றாவது இது: "ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் பேனாவை மூடியபோது, தான் ஒரு தப்பும் செய்யவில்லை என்று உமாராணி நம்பினாள்." இதையே வைத்துக்கொள்கிறேன்.

உமாராணி கோவில்பட்டியில் இரண்டு அறைகளில் ஒரு சிகிச்சை மையம் நடத்துகிறாள். தீப்புண் ஆறிய பிறகுதான் அங்கே வேலை தொடங்கும். ஆறிய தோல் இறுகி, விரல்களை உள்ளங்கையோடு மடக்கிவிடும். தினமும் எண்ணெய் தேய்த்து, நீவி, விரித்துவிட வேண்டும். விட்டுவிட்டால் மடங்கியது மடங்கியதுதான். புதூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இருந்து வருகிறவர்களுக்கு பஸ் அபூர்வம். மழை பெய்தால் கரிசல் மண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். வலது கை விரல்கள் மடங்கத் தொடங்கியிருந்த சுப்புத்தாயும் நின்றுவிட்டாள்.

அப்போதுதான் ஆலை ஒரு வேன் தர முன்வந்தது. ஆலைக்கே ஓடிக்கொண்டிருந்த வேன், நல்ல நிலையில்.

(ஆலைக்கு மூன்று பெயர் வைத்துப் பார்த்தேன். மான், கிளி, குடம். இந்த ஊரில் எந்தப் பெயரை வைத்தாலும் அது ஏதோ ஒரு தீப்பெட்டியின் மேல் இருந்து தொலைக்கிறது. எனவே வெறும் ஆலை.)

சுப்புத்தாயின் வலது கை வெந்தது அந்த ஆலையில்தான்.

3

ஆலையின் சார்பில் பேச வந்தவன் மணிகண்டபிரபு. முதல் வரைவில் அவனுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டேன். அப்படி மாட்டினால் கதை எளிதாக முடிந்துவிடும். கழற்றிவிட்டேன்.

"அக்கா, வேனுக்கு மூணு பக்கமும் ஆலை பேரு வேணும்னு மேல கேட்டாக. நாந்தான் பேசி ஒண்ணாக் கொறச்சிருக்கேன்."

"அந்த ஒண்ணும் வேண்டாம் தம்பி."

"ஒரு போட்டோவாது?"

"வண்டியப் படம் எடுத்துக்கோ. அவிய கையப் படம் எடுக்கக் கூடாது."

"வண்டிய மட்டும் எடுத்தா, பழைய வண்டி விக்குதோம்னு நெனைப்பாகக்கா."

இருவரும் சிரித்தார்கள். சிரித்தாலும் உமாராணி விட்டுக்கொடுக்கவில்லை. ஆலையின் பெயர் அழிய வேண்டும், வேனின் நீல நிறம் வெள்ளையாக வேண்டும், சுப்புத்தாய் இழப்பீடு கேட்டுப் போட்ட வழக்கில் இந்த வேன் குறுக்கே வரக்கூடாது. எல்லாவற்றுக்கும் ஆலை ஒப்புக்கொண்டது. மணிகண்டபிரபு அதற்காக மேலிடத்தில் நிறைய ஏச்சு வாங்கியிருக்க வேண்டும். அதை அவன் சொல்லவில்லை.

உமாராணி ஒப்பந்தத்தை வக்கீலிடம் காட்டினாள், ஆடிட்டரிடம் காட்டினாள். அந்த வேனில் ஏறப்போகிறவர்களிடம் கேட்கத் தோன்றவில்லை. நல்லதுதானே செய்கிறோம் என்று இருந்துவிட்டாள்.

4

முதல் நாள். வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. உமாராணியும் வேனில் இருந்தாள். டிரைவர் உச்சிமாகாளி முன்பு ஆலைக்காக இதே வேனை ஓட்டியவர். ஊர் எல்லை வந்ததும் அவர் கை பழக்கத்தில் ஹாரனை அழுத்தியது.

[அடிக்குறிப்பு போல ஒன்று: இந்தப் பக்கம் ஆலை வேன்கள் இருட்டோடு பெண்களை ஏற்ற வரும். ஆலைக்கு ஆலை ஹாரன் மெட்டு வேறு. அடுப்படியில் நிற்கும்போதே தெரியும், வருவது தன் வண்டியா, அடுத்தவள் வண்டியா என்று.]

இரண்டு பெண்கள் தூக்குவாளியோடு ஓடி வந்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு முன்னக்கூட்டியே வந்துட்டிய? வண்டிக்கு வெள்ள அடிச்சிருக்கு, ஆஸ்பத்திரிக்கா போகுது?"

"ஆஸ்பத்திரிக்குத்தான் தாயி. வாரியளா?"

"ஏ, வாயக் கழுவும்!"

சுப்புத்தாய் வரவில்லை. உமாராணி இறங்கி அவள் வீட்டுக்குப் போனாள். சுப்புத்தாய் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"அந்த வண்டியில நான் ஏற மாட்டேன்க்கா."

"பேரெல்லாம் அழிச்சாச்சு சுப்பு. கேஸுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு எழுதி வாங்கியிருக்கேன்."

"பேர நான் என்னைக்குப் பாத்தேன்? இருட்டுல ஏறி இருட்டுல எறங்குனவ." சிரித்தாள். "எனக்கு சத்தந்தான் அடையாளம். இப்பக்கூடப் பாருங்க, கேட்டதும் எந்திரிச்சு நிக்கேன். கை தானா தூக்குவாளியத் தேடுது. அந்தா தொங்குது. எடுக்கத்தான் வெரல் மடங்கிப் போச்சு."

(இந்த இடத்தில் உமாராணிக்காக மூன்று வசனம் எழுதினேன். மூன்றும் மேடைப் பேச்சு.) உமாராணி தரையில் உட்கார்ந்தாள். எண்ணெய் கேட்டாள். சுப்புத்தாயின் கையை மடியில் வைத்து, சுண்டுவிரலில் இருந்து நீவத் தொடங்கினாள்.

"வலிக்கா?"

"வலிச்சா நல்லதுன்னு நீங்கதான சொல்லுவிய?"

வெளியே, ஏற்கெனவே வேனில் ஏறி உட்கார்ந்திருந்த முத்துச்செல்வி கத்தினாள். அவளுக்கு வெந்தது இடது கை. "ஏட்டி, உள்ள என்ன பொண்ணு பாக்கியளா? வெயிலேறுது!"

5

முடிவுகள்.

ஒன்று: உமாராணி வேனைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். வாசகர் கை தட்டலாம். மறுநாள் முத்துச்செல்வி பஸ்ஸுக்கு நிற்பாள், பஸ் வராது. இந்த முடிவை எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

இரண்டு: உச்சிமாகாளி ஐஸ்காரரின் ரப்பர் ஹாரனை வாங்கி மாட்டுகிறார். பிள்ளைகள் காசோடு ஓடி வருகிறார்கள், சுப்புத்தாய் சிரித்துக்கொண்டே ஏறிவிடுகிறாள். எனக்குப் பிடித்த முடிவு. பிடித்ததாலேயே சந்தேகமாக இருக்கிறது. ஒரு சத்தம் போனால் மனசு அத்தனை சீக்கிரம்—

மூன்றாவது, டிரைவர் என்னிடம் சொன்னது. அன்றைக்கே ஸ்பேனர் எடுத்து ஹாரனைக் கழற்றினார். "போலீஸ் கேட்டா?" என்றாள் உமாராணி. "ஆடு கேட்டாத்தாம்மா கஷ்டம்" என்றார். மறுநாளில் இருந்து ஒவ்வொரு வாசலிலும் வண்டியை நிறுத்தி, இறங்கி, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

6

ஆக, மறுநாள். வேன் சுப்புத்தாய் வீட்டு முன் நிற்கிறது. இஞ்சினை அணைத்தாகிவிட்டது. உச்சிமாகாளி இறங்கி, "சுப்புத்தாயீ" என்று கூப்பிடுகிறார், சொந்தக்காரியைக் கூப்பிடுவது போல. உமாராணி கதவைத் திறந்துவைத்து, பக்கத்து இருக்கையைக் காலியாக விட்டிருக்கிறாள்.

சுப்புத்தாய் வெளியே வருகிறாள். படியருகே நிற்கிறாள்.

"நான் ஏறலன்னா வண்டியத் திருப்பிக் குடுத்துருவியளாக்கா?"

"நீ சொல்லு."

"அதையும் என் தலையில போடாதீக. அது ஒங்க சோலி."

உமாராணி தலையாட்டினாள். "சரி. வண்டி இருக்கட்டும். நீ ஏறலன்னா நான் தினமும் எறங்கி வாரேன்."

சுப்புத்தாய் அவளைப் பார்த்தாள். வேனைப் பார்த்தாள். பிறகு வலது கையை

இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. எட்டயபுரம் சாலையில் அந்த வேனுக்குள் யார் யார் இருந்தார்கள் என்று நான் எட்டிப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. அவள் கை கதவுக் கம்பியைத் தேடியதா, வண்டியை வழியனுப்ப உயர்ந்ததா, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவசரமில்லை, அவள் யோசிக்கட்டும்.

ஒன்று மட்டும். காத்திருக்கும் நேரத்தில் ஹாரன் அடித்துவிடாதீர்கள்.