ஆற்றுப் பாதை மூடப்பட்டுள்ளது

அட்டைப்பெட்டியைக் கிழித்து ஆரஞ்சு ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டாள் கோரின். மொத்தம் இருபத்து நான்கு. ஹாஸ்டல் சலவை அறை மேஜையில் இடம் போதாமல் வாஷிங் மெஷின் மேலேயும் இரண்டைப் பரப்பினாள். விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தாள். மார்பில் குறுக்கே ஓடிய வெள்ளிப் பட்டைகள் பளிச்சென்று மின்னின. ஊரே பேய் வேஷம் கட்டி இறங்கும் ஹாலோவீன் கூத்து தொடங்க இன்னும் ஐந்து மணி நேரம்தான். பார்சல் வராமலே போய்விடுமோ என்று மூன்று நாளாகச் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தவள், ஒரு ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அழுறியா என்ன? ஜாக்கெட்டுக்கா?" என்றான் ஓடிஸ், வாசலில் நின்றபடி. சிவில் எஞ்சினியரிங் படிப்பவன், வாய் மூடத் தெரியாதவன். ஹாலோவீன் ராத்திரி பாதுகாப்பு ரோந்துக்கு ஆள் வேண்டும் என்று அவள் நோட்டீஸ் ஒட்டிய அன்றே முதல் ஆளாகப் பேர் கொடுத்தவனும் அவன்தான்.

"போடா. தூசி."

தூசியாவது மண்ணாவது. அந்த ஜாக்கெட்டுகளுக்காக அவள் பட்ட பாடு கொஞ்சமா? மாணவர் பேரவையில் அறுநூற்று நாற்பது டாலர் கேட்டுப் போனாள். பொருளாளர் வெஸ்லிக்கு வயது இருபதுதான், முகம் மட்டும் ஐம்பது வயதுக் கணக்குப்பிள்ளையுடையது. பேனாவைத் தட்டிக்கொண்டே, "இதால எத்தன பேர் பொழைப்பாங்க? நம்பர் சொல்லு," என்றான். ஆற்றுப் படியில் விழாமல் போனவர்களை எந்தக் கணக்கில் எண்ணுவது? அவன் இருநூறு கொடுத்தான். டார்ச்சுக்கும் பேட்டரிக்கும் அது சரியாகப் போயிற்று. மிச்சத்துக்கு இரண்டு சனிக்கிழமை மளிகைக்கடை வாசலில் அடுப்பு போட்டு சாசேஜ் சுட்டு விற்றார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் பள்ளிக்கூடத்துக்கு பேண்டு வாத்தியம் வாங்க வேண்டுமா, சர்ச் கூரை ஒழுகுகிறதா, எல்லாவற்றுக்கும் அந்தக் கடைவாசல் அடுப்புதான் கதி. தலையிலிருந்து புகை நாற்றம் போக நாலு நாளாயிற்று. எதுக்கும்மா காசு என்று கேட்டவர்களிடம், ஹாலோவீன் அன்னிக்குப் பசங்க பத்திரமா வீடு சேரணும்ல என்று சொன்னால், மீதிச் சில்லறையை வாங்காமலே போனார்கள். போன வருடம் நடந்தது ஊருக்கே தெரியும்.

நடந்ததில் தன் பங்கு என்ன என்பது மட்டும் கோரினுக்குத்தான் தெரியும். கடைத்தெருவில் பாட்டும் கூத்துமாக இருந்தபோது அவளுடைய அறைத்தோழி ஜோலீன், "கால் வலிக்குதுடி, ரூமுக்குப் போலாம்," என்றாள். "நீ முன்னால போ, பத்தே நிமிஷம், வந்துடறேன்," என்றாள் கோரின். பத்து நிமிஷம் மூன்று மணி நேரமாயிற்று. திரும்பி வந்தவள், ஜோலீன் தூங்கியிருப்பாள் என்று விளக்குகூடப் போடாமல் படுத்துவிட்டாள். ஜோலீன் குறுக்கு வழியென்று ஆற்றுப் படியில் இறங்கி, உறைபனியில் வழுக்கி, கணுக்கால் முறிந்து, பாதம் தண்ணீரில் கிடக்க விடியும் வரை அங்கேயே கிடந்தாள். நாயோடு ஓட வந்த ஒருவர்தான் பார்த்தார். உயிர் தப்பியது. உறைந்துபோன இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போன ஜோலீன், கோரினை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட தேவலை என்று கோரின் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள்! ஜோலீனுக்கு ஒரு கடிதம்கூட எழுதக் கை வரவில்லை. இந்த வருடம் அந்தப் படியில் ஒருத்தியும் தனியாக இறங்கக்கூடாது. கோரினுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

எட்டு மணிக்கு இருபத்து நான்கு பேரும் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து கடைத்தெருவில் இறங்கினார்கள். பேய்கள், பூசணிக்காய்கள், எலும்புக்கூடுகள் என்று தெரு நெரிந்தது. ஐந்து நிமிடம் ஆகவில்லை, ஒரு மந்திரவாதி கோரினின் தோளில் கைபோட்டு, "ரோடு வேலைக்காரங்க வேஷம்! பிரமாதம்! ஒரு போட்டோ!" என்றான்.

"வேஷம் இல்லீங்க. நாங்க பாதுகாப்பு ரோந்து."

"அய்யோ, வசனமெல்லாம் பேசுறா பாரு!"

கோரினுக்குக் காது சூடேறியது. வருஷத்தில் பாதி நாள் ரோடு தோண்டிக் கிடக்கும் ஊர் அது. ஆரஞ்சு ஜாக்கெட் போட்டவனைக் கண்டால் சிரிக்காத ஆள் கிடையாது. மலிவாக வேஷம் கட்ட நினைப்பவன் முதலில் தேடுவதும் அதைத்தான். பார்மசி முனையில் ஆறு தடியன்கள் அதே ஜாக்கெட்டில், ரோட்டை மறிக்க வைக்கும் கூம்புகள் இரண்டை எங்கிருந்தோ கிளப்பி வந்து நடுவில் வைத்துக்கொண்டு பீர் குடித்தபடி நின்றார்கள். எல்லாவற்றையும் யோசித்தவள், ஹாலோவீன் அன்றைக்கு இதைப் போட்டால் யார் மதிப்பார்கள் என்று மட்டும் யோசிக்கவில்லை. இரண்டு மாதப் பாடு, அத்தனை சாசேஜ், எல்லாம் பாழ்.

"உன் மூஞ்சியப் பாத்தா நீதான் பேய் மாதிரி இருக்க," என்றான் ஓடிஸ். அவள் சிரிக்கவில்லை.

பத்து மணி இருக்கும். தேனீ வேஷம் போட்ட ஒரு பெண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு தள்ளாடித் தள்ளாடி ஆற்றுப் பக்கம் போனாள். கூட யாரும் இல்லை. கோரின் ஓடிப்போய் மறித்து, மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னாள்.

"வணக்கம், நாங்க மாணவர் பாதுகாப்பு ரோந்து. உங்கள ஹாஸ்டல் வரைக்கும் கொண்டுவந்து விடலாமா?"

தேனீயின் முகம் வெளிறிவிட்டது. "போலீஸா? நான் குடிக்கவே இல்ல! சத்தியமா ஜூஸ்தான்! எங்கப்பாகிட்ட சொல்லிடாதீங்க!" இருபத்தொரு வயது ஆகாதவள் குடித்துப் பிடிபட்டால் அபராதம் வரும், வீட்டுக்கும் தகவல் போகும். பயத்தில் அவள் பின்னாலேயே நகர்ந்தாள். அவளுக்குப் பின்னால் நாலடியில் ஆற்றுப் படி. தான் ஒரு எட்டு முன்னால் வைத்தால் அவள் படிப்பக்கம் ஓடிவிடுவாள். நிற்கவும் முடியாமல் போகவும் முடியாமல் கோரின் உறைந்து நின்றாள்.

"ஏம்மா! ஏய்! அந்தப் பக்கம் எங்க போற?" ஓடிஸின் குரல். நிஜ ரோடு மேஸ்திரி மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதட்டினான். "வேலை நடக்குது தெரியல? ஆத்துப் பாதை மூடியாச்சு. சுத்திப் போ!"

தேனீ நின்றாள். இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். "அட, ரோடு ஆளுங்களா நீங்க! நான் பயந்தே போயிட்டேன். இங்கயும் தோண்டிட்டீங்களாண்ணே? ஒரு வழிய விட்டு வைக்க மாட்டீங்களா?"

"மேலிடத்து உத்தரவு. இந்தக்கா மாத்துவழி காட்டுவாங்க. கையப் பிடிச்சுக்க, குழியில விழுந்துடாத."

தேனீ சமர்த்தாகக் கையை நீட்டினாள். சில்லிட்டுப் போயிருந்த அந்தக் கையைக் கோரின் இறுகப் பிடித்துக்கொண்டாள். ஓடிஸைப் படியருகே காவலுக்கு விட்டுவிட்டு, விளக்கு எரியும் பெரிய தெரு வழியாக, இல்லாத குழிகளைச் சுற்றிச் சுற்றி, இருபது நிமிடம் நடந்தார்கள். பேர் மெரிடித், முதல் வருஷம், தோழிகள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்களாம்.

"பத்து நிமிஷத்துல வரோம்னாளுங்க," என்றாள் மெரிடித். கோரின் பிடியை இன்னும் இறுக்கினாள்.

ஹாஸ்டல் கதவைத் திறந்து உள்ளே போனவள் திரும்பி, "அக்கா, அந்தப் பாதைய எப்பத் தொறப்பீங்க?" என்றாள்.

"பனி போனப்புறம்."

"உங்காளுங்களுக்கு இதே வேலை," என்று அலுத்துக்கொண்டு படியேறினாள். மாடியில் ஒரு ஜன்னலில் விளக்கு எரிந்தது. அப்போதுதான் கோரினுக்கு மூச்சே வந்தது. அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னாள். ஒரு வருடமாக நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இடம் நகர்ந்து கொடுத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள், இந்த முறை யாரிடமும் தூசி என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் ஓடித் திரும்பி வருவதற்குள் ஓடிஸ் ஆள் சேர்த்துவிட்டிருந்தான். பார்மசி முனைத் தடியன்கள் ஆறு பேரும் ஆற்றுப் படி உச்சியில் கூம்புகளை நட்டு வரிசையாக நின்றார்கள். "இவனுங்களுக்கு இப்பத்தான் வேஷத்துக்கு ஏத்த வேலை கெடச்சிருக்கு," என்றான் ஓடிஸ். மற்ற ஜோடிகளுக்கும் வாக்கி டாக்கியில் சொல்லியாயிற்று: யாரும் ரோந்து என்று சொல்லாதீர்கள், ரோடு வேலை என்று சொல்லுங்கள்.

மந்திரவாதிகள் திரும்பிப் போனார்கள். பூசணிக்காய்கள் திட்டிக்கொண்டே திரும்பிப் போயின. பன்னிரண்டு மணிவாக்கில் கறுப்புச் சால்வையும் கோரைப்பல்லுமாக ஒரு ரத்தக்காட்டேரி, இரண்டு கால்களும் இரண்டு திசையில் போக, படியை நோக்கி வந்தது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் பொருளாளர் வெஸ்லி.

"வழி இல்ல சார், வேலை நடக்குது," என்றான் ஒரு தடியன்.

"இந்த நேரத்துலயா? யார் காசுல?" என்று கேட்டுக்கொண்டே வெஸ்லி தள்ளாடித் திரும்பினான். ரோந்து ஜோடி ஒன்று அவனை ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு நடந்தது.

"நம்பர் கேட்டான்ல? இவனையும் சேத்துக்கோ," என்றான் ஓடிஸ். கோரின் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

தெரு ஓய்ந்ததும் தடியன்கள் கூம்பை எடுத்துக்கொண்டு போனார்கள். கோரின் மட்டும் படி உச்சியில் நின்று கீழே டார்ச் அடித்தாள். பதினாறு படிகள். ஒவ்வொரு படியாக வெளிச்சத்தை இறக்கினாள். புதிதாகப் படர்ந்த உறைபனி தண்ணீர் வரைக்கும் வெள்ளை வெளேரென்று மின்னியது. ஒரு காலடித்தடம்கூட இல்லை. போனை எடுத்து அதைப் படம் பிடித்தாள். ஜோலீனின் பேரைத் தேடி எடுத்து, விறைத்துப்போன விரல்களை வாயால் ஊதிச் சூடாக்கிக்கொண்டு, எழுத ஆரம்பித்தாள்.