பதினோரு மைல் உள்ளே

ஐரோப்பாவிலிருந்து பரிசோதகர்கள் வருகிறார்கள் என்ற கதை வாழைச்சேனைத் துறைமுகத்தில் ஒரு கிழமையாக அடிபட்டுக்கொண்டிருந்தது. ஷெரோன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வருவதற்கு முதல் நாள் பின்னேரம், எந்தெந்தப் படகின் புத்தகங்களைப் பார்க்கப்போகிறார்கள் என்ற பட்டியல் வந்தபோதுதான் அவள் அதை வரிவரியாகப் பார்த்தாள். மொத்தம் பதினான்கு படகுகள். ஆறாவதாக இருந்தது அவளுடைய தகப்பன் பஸ்தியாம்பிள்ளை ஓட்டும் படகு.

ஓட்டமாவடி மஜீட் ஹாஜியாரின் மீன் கம்பனியில் அவளுக்கு எழுத்து வேலை. கடலில் எந்த இடத்தில் பிடித்தது என்று கடதாசி இல்லாத மீனை ஐரோப்பா வாங்காது. அதனால் ஆழ்கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகிலும் ஒரு புத்தகம் போகும். தூண்டில் போட்ட இடத்தைப் படகோட்டி நாள்தோறும் அகலக்கோடு, நெடுங்கோட்டு எண்ணில் குறித்துவர வேண்டும். டீசலும் செதிலும் ஒட்டித் திரும்பி வரும் புத்தகத்தை ஷெரோன் பிரதி எழுதிக் கொடுப்பாள். அந்தப் பிரதி மீனோடு கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும்.

அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒருமுறை ஐரோப்பா இந்த நாட்டு மீனுக்குக் கதவைச் சாத்தியிருந்தது. விமானத்தில் போகவேண்டிய பெரிய சூரை மீனெல்லாம் அப்போது கருவாடாய்க் காய்ந்தது. அப்பாவின் படகு ஒன்றரை வருடம் கட்டிக் கிடந்தது. பிறகு அதே ஐரோப்பாவின் உதவியில் துறைமுகத்துக்கு ஒரு ஐஸ் அறை வந்தது. "ஒரு கையால ஐஸ் தாறானுகள், மத்தக் கையில பூட்டு வெச்சிருக்கானுகள்" என்பார் ஹாஜியார்.

பட்டியல் வந்த அன்று ஷெரோன் மாலை வகுப்புக்குப் போகவில்லை. அந்தக் கணினி வகுப்பில் பழகியபடி, அப்பாவின் கடைசிப் பயண எண்களைத் திரையிலிருந்த கடல் வரைபடத்தில் புள்ளிகளாகப் போட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள் புள்ளி இந்தியக் கடலுக்குள் விழுந்தது. எல்லைக் கோட்டிலிருந்து பதினோரு மைல் உள்ளே. தான்தான் பிழையாகப் பார்க்கிறேனோ என்று அழித்துவிட்டு மறுபடி போட்டாள். இரண்டாம் தரமும் அது அங்கேயே விழுந்தது.

அப்பா இறங்குதுறையில் தூண்டில் முட்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, போன பயணம் மூணாம் நாள் எங்க நின்டீங்க?"

"புத்தகத்தில இரிக்கே."

"அது இந்தியாட கடல்."

அவர் சிரித்துவிட்டார். "அங்க போக எனக்கென்ன விசரா?"

"அப்ப ஏன் அப்பிடி எழுதினீங்க?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்துக் குரலைத் தணித்தார். "உண்மையான இடத்த எழுதினா அது உன்ட மேசையில கிடக்கும். இராசதுரை வந்து, 'என்ன மகள், சாப்பிட்டயா' எண்டு பல்லக் காட்டிட்டு, ஒரு கண்ணால புத்தகத்தப் பாத்திருவான். அடுத்த பயணம் அவன்ட தூண்டில் அங்க கிடக்கும். அதான் வாயில வந்த நம்பர எழுதினன்."

அது புதிதல்ல. மீன் பட்ட இடத்தை அந்தத் துறையில் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. கேட்டால் வடக்கே போனவர் தெற்கே கை காட்டுவார். கேட்டவரும் அதைப் பொய்யென்று கோபிக்கமாட்டார். ஆனால் வரப்போகிறவர்களுக்கு இந்த வழக்கம் தெரியாதே.

"போட்டில பூட்டியிருக்கிற சட்டிலைட் பெட்டி நீங்க நின்ட இடத்தச் சொல்லும்தானே? ரெண்டையும் பக்கத்தில வெச்சுப் பாப்பாங்க."

அவருடைய கை நின்றது. "அப்ப நீ மாத்தி எழுதன் புள்ள."

"அனுப்பின கடதாசிய எப்பிடி மாத்துறது? கடல் தாண்டினதெண்டு அவங்க எழுதினா லைசன்ஸ் போயிரும் அப்பா."

"நீ வாயத் திறக்காத. நான் பாத்துக்கிறன்."

மறுநாள் பத்து மணிக்கு வந்தவர்களில் பெரியவர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண். குரலை உயர்த்தாமல், ஒவ்வொரு பதிலுக்கும் நன்றி சொன்னார். அந்த மரியாதைதான் ஷெரோனை இன்னும் பயப்படுத்தியது. ஜன்னலுக்கு வெளியே படகோட்டிகள் நெருக்கியடித்து நின்றார்கள்.

"பஸ்தியாண்ண, கழுத்துமட்டும் பொத்தான் பூட்டியிரிக்கீங்க! பொண்ணா பாக்க வந்திரிக்காங்க?" என்றான் இராசதுரை. வெளியே சிரிப்பு எழுந்தது.

முதல் ஐந்து புத்தகங்களிலும் ஏதோ குறித்துக்கொண்டு போன அந்தப் பெண், அப்பாவின் கடதாசியையும் தன் மடிக்கணினியையும் பக்கத்தில் வைத்தார். விரல் மூன்றாம் நாளில் நின்றது. கொழும்பிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: "புத்தகம் ஒரு இடத்தைச் சொல்கிறது. பெட்டி வேறொரு இடத்தைச் சொல்கிறது. எது சரி?"

அப்பா ஜன்னலைப் பார்த்தார். இராசதுரை காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். பெட்டி சரியென்றால் அது சொல்லும் இடத்தை அவனுக்கு முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"பெட்டி பழுது," என்றார் அப்பா.

பெட்டி பழுதென்றால் வேண்டுமென்றே பழுதாக்கியதாகத்தான் எடுப்பார்கள். பெட்டியில் கை வைத்தவன் என்ற பெயர் ஒரு படகுக்கு வந்தால் அது கோடு தாண்டியதைவிட மோசம். அந்தப் படகு பிறகு கடலைப் பார்க்காது. மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் வாயைத் திறக்குமுன் அவள் எழும்பிவிட்டாள்.

"பெட்டி பழுதில்ல, சேர். புத்தகம்தான் பொய். மத்தவங்களுக்கு இடம் தெரியக்கூடாதெண்டு அப்பா பொய் நம்பர் எழுதினவர். அவர் கோட்டத் தாண்டல்ல."

அந்தப் பெண் கேட்டுவிட்டுத் திரையைப் பெரிதாக்கி, படகு போன தடத்தைக் கடைசிவரை விரலால் தொடர்ந்தார். பிறகு தலையசைத்தார். "தாண்டவில்லைதான். பிழையாகப் பதிந்ததற்கு எச்சரிக்கை வரும். உரிமம் போகாது" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

ஷெரோன் பாதி மூச்சுத்தான் விட்டிருப்பாள். அந்தப் பெண் இன்னொன்று கேட்டார்.

"இது இவருடைய பழக்கமா, இங்கே எல்லாருடைய பழக்கமுமா?"

மேசையில் இன்னும் எட்டுப் புத்தகங்கள் பார்க்கக் கிடந்தன. தெரியாது என்று சொல்லலாம். சொன்னால், அடுத்ததாக இருந்த இராசதுரையின் புத்தகத்தை அந்தப் பெண் பெட்டியோடு வைத்துப் பார்ப்பார். அவனும் பெட்டி பழுது என்பான். அவனுக்குப் பின்னால் ஏழு பேரும் அதையே சொல்வார்கள்; எட்டுப் படகும் கரையிலேயே கிடக்கும்.

"எல்லாரும் அப்பிடித்தான்" என்றாள்.

அந்தப் பெண் நன்றி சொன்னார். பிறகு தொலைபேசியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய் நெடுநேரம் பேசினார். மொழிபெயர்ப்பாளர் ஹாஜியாரிடம் வந்தார். மூன்று வருடப் புத்தகங்களும் பார்த்து முடியும்வரை இந்தத் துறையின் மீனுக்குக் கடதாசி கொடுக்கமுடியாதாம். எத்தனை நாளாகும் என்று தெரியாதாம்.

"யா அல்லாஹ், லொறி ஏத்தி நிக்கிதே!" என்று ஹாஜியார் வெளியே ஓடினார். வாசலில் உறுமிக்கொண்டிருந்த லொறியின் சத்தம் நின்றது.

"அப்பன்ட போட்டக் காப்பாத்த எங்கட எல்லாற்ற வயித்திலயும் மண்ணப் போட்டுட்டயே, புள்ள," என்றான் இராசதுரை. அவன் கத்தவில்லை.

அப்பா எழும்பி அவள் கையைப் பிடித்தார். "நட, வீட்ட போவம்."

வெளியே போக ஒரு கதவுதான் இருந்தது. படகோட்டிகள் ஜன்னலை விட்டு அந்தக் கதவுக்கு வந்து நின்றிருந்தார்கள். யாரும் விலகவில்லை.