சிவப்பு முடிச்சு

பன்னிரண்டு கட்டுகளில் மூன்றுதான் முழுசாக இருந்தன. மூன்றிலும் மஞ்சள் துணி. ஸ்கூட்டியை அணைக்கக்கூடத் தோன்றாமல் ஆஷ்லின் செம்மநத்தத்துப் பாறையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

போன வாரம் அவளே கட்டி, காயப்போட்டுவிட்டுப் போன சாமைத் தாள், கதிர் அறுத்தபின் மிஞ்சும் தண்டு. நாலு வகைச் சாமை. வகைக்கு மூன்று கட்டு. வகைக்கு ஒரு நிறத் துணி; ஆய்வகத்திலும் அந்த நிறம்தான் வகைக்குப் பெயர். அவள் வீடு நாகலூரில், காப்பி எஸ்டேட்டுக்குள். ஜனவரியில் அங்கே துவைத்த பாவாடையே மூன்று நாளைக்குக் காயாது. செம்மநத்தத்தில் அவளுக்குப் பழக்கமான கண்ணம்மாள் வீட்டுப் பாறையில் நாள் முழுக்க வெயில் அடிக்கும் என்பதால்தான் இங்கே கொண்டுவந்தாள்.

கட்டும்போதே கண்ணம்மாளின் வீட்டுக்காரர் சித்தன் ஆரம்பித்துவிட்டார்.

"ஏங் கண்ணு, தாளுக்குக் கட்டுப் போடறயா, பள்ளிக்கூடம் போற புள்ளைக்குச் சடை பின்றயா?"

ஆஷ்லின் இன்னும் ஒரு முடிச்சுப் போட்டாள். ஒவ்வொரு கட்டுக்கும் நட்டநடுவில் ஒரே துணியில், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று முடிச்சு.

"இத்தனை பதனமாக் கட்டி என்ன பண்ணுவ?"

அவள் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இதுக்குள்ள குட்டிக் குட்டியா அறைங்க இருக்குதுங்கண்ணா. அந்த அறையோட சுவத்துல சர்க்கரை சங்கிலி மாதிரி கோத்துக் கெடக்கும். செல்லுலோஸ்னு பேரு. அதுக்கு மேல லிக்னின்னு ஒண்ணு, சிமெண்டு பூசுன மாதிரி இருக்கும். லிக்னின் கம்மியா இருந்தா சர்க்கரைய லேசாப் பிரிச்சு, புளிக்க வெச்சு, எத்தனால் எடுக்கலாம்."

"சாராயம்னு சொல்லு."

"வண்டிக்கு ஊத்தறதுங்கண்ணா."

"வண்டிக்கு மட்டுந்தானா?" என்று கேட்டுவிட்டு, அதற்கப்புறம் அவர் அந்த ஆராய்ச்சியில் அக்கறை காட்டவில்லை.

ஆஷ்லினுக்கு அக்கறை இருந்தது. சேலத்தில் அவள் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் ஒன்றரை வருஷமாக அவள் குரலை யாரும் சரியாகக் கேட்டதில்லை. போன மாதக் கூட்டத்தில், நாலில் எதில் லிக்னின் குறைவாக இருக்கும் என்று பானு மேடம் கேட்டார். எல்லாரும் நீலம் என்றார்கள். ஆஷ்லின் வாயிலிருந்து "சிவப்பு" என்று வந்துவிட்டது.

"காரணம்?"

"கையால ஒடிச்சுப் பாத்தேன் மேடம்."

பக்கத்து மேசை ஜாபெஸ் சிரித்துவிட்டான். "அப்போ மெஷினை வித்துடலாம். ஆஷ்லின் கை போதும்."

மேடம் சிரிக்கவில்லை. லிக்னினை அளக்கும் மெஷினை இந்த வார வியாழக்கிழமைக்கு எழுதி வைத்தார். அதை விட்டால் அடுத்த முறை ஏப்ரலில்தான் கிடைக்கும். புராஜெக்ட் மார்ச்சோடு முடிகிறது. காட்டில் போய் மறுபடி அறுக்கலாம் என்றால் நாலு காட்டையும் உழுதாகிவிட்டது. சிவப்பா இல்லையா என்பது இனி தெரியவே தெரியாது. ஜாபெஸின் சிரிப்பு மட்டும் நிற்கும்.

"வா சாமி," என்று கண்ணம்மாள் வெளியே வந்தார். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. அவருக்குப் பின்னால் கட்டுத்தறியில் பசு வெள்ளச்சி அசைபோட்டுக்கொண்டிருந்தது, உலகத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி.

"நேத்து மத்தியானம் கவுத்தை அவுத்துக்கிட்டு வந்துருச்சு கண்ணு."

"நீங்க பாக்கலீங்களாக்கா?"

"பாக்காம என்ன? பக்கத்துலயேதான் நின்னேன்."

"வெரட்டலீங்களா?"

"சினையா இருக்குதுல்ல."

அதற்கு மேல் விளக்கம் இல்லை. அந்த வீட்டில் சினை மாடு வாய் வைத்த தீனியை யாரும் பிடுங்குவதில்லை. கோவிலில் படைக்க வைத்த பழமாக இருந்தாலும் சரி, அரசாங்கமே கேட்டாலும் சரி.

"உன்ற மிசினு வேலைய இவ ஒரே மத்தியானத்துல முடிச்சுட்டா," என்றார் சித்தன். கண்ணம்மாள் முறைத்ததும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

பாறையின் ஓரத்தில் ஒரே இடத்தில்தான் சிக்னல் கிடைக்கும். ஆஷ்லின் அங்கே போய் நின்றாள். சொல்ல வேண்டிய வாக்கியத்தை இரண்டு முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். எப்படிச் சொன்னாலும் ஒரே மாதிரிதான் இருந்தது.

"மேடம், சாம்பிளை மாடு தின்னுடுச்சு."

 "எதை முதல்ல தின்னுச்சு?" என்று கேட்டார் மேடம்.

ஆஷ்லின் கண்ணம்மாள் பக்கம் திரும்பி அதையே கேட்டாள். கண்ணம்மாளுக்கு வரிசை மனப்பாடம். "மொதல்ல செவப்பு. மூணையும் தேடித் தேடித் தின்னுச்சு. அப்பறம் பச்சை. நீலத்தைக் கொஞ்சம் தின்னுட்டு நொம்ப நேரம் ரோசனை பண்ணி, மிச்சத்தையும் முடிச்சிருச்சு. மஞ்சளை மோந்து பாத்ததோட சரி."

மேடம் சிரிக்கிற சத்தம் கேட்டது. "மாட்டு வயித்துலயும் சுவரை உடைக்கிற வேலைதானே நடக்குது. ஆனா ஒரு மாடு சொல்லிச்சுன்னு ரிப்போர்ட் எழுத முடியாது ஆஷ்லின். மிச்சம் எதுவுமே இல்லையா? வகைக்குப் பத்து கிராம் போதும்."

"மிச்சம் எதுவும்..." என்று ஆஷ்லின் தொடங்கும்போதே கண்ணம்மாள் குறுக்கிட்டார்.

"முடிச்சு இருக்குதே."

"என்னங்கக்கா?"

"தாளைத் திங்கட்டும்னு உட்டேன். துணி தீனியா? முழுங்குனா வயித்துல சுத்திக்காது? ஒவ்வொண்ணா வாயில கைய உட்டு இழுத்துப் போட்டேன்."

உள்ளே போய் ஒரு முறத்தை எடுத்துவந்தார். அதில் கட்டுக்கு ஒன்றாக ஒன்பது துணிமுடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சின் பிடியிலும் ஒரு விரல் நீளத்துக்கு நடுத்தண்டு. வெள்ளச்சியின் எச்சில் பட்டுக் காய்ந்து கிடந்தாலும் உள்ளே ஒன்றும் கசங்கவில்லை. மூன்று முறை முடிந்த துணிக்குள் பல் நுழையவில்லை.

கழுவிக் காயவைத்து எடுத்துவரச் சொன்னார் மேடம். மஞ்சள் கட்டுகளிலும் அதே நடுத்தண்டை மட்டுமே எடுக்க வேண்டும். அப்போதுதான் ஒப்பிட்டால் நியாயம். முடிச்சுகளை ஆஷ்லினாலேயே அவிழ்க்க முடியவில்லை. கடைசியில் சித்தன் கத்தரிக்கோல் கொண்டுவந்தார்.

"சடை நல்லாத்தான் பின்னியிருக்கற," என்றார்.

பத்து நாள் கழித்து ஆஷ்லினே கண்ணம்மாளுக்குப் போன் போட்டாள். தன் குரல் கொஞ்சம் சத்தமாக இருப்பது அவளுக்கே கேட்டது.

"சிவப்புதாங்கக்கா! அதுலதான் லிக்னின் கம்மி."

"அதை வெள்ளச்சி அன்னிக்கே சொல்லிருச்சே. அப்பறம்?"

"கடைசி மஞ்சள்."

"சரிதான். ரெண்டாவது பச்சைதான?"

"இல்லீங்கக்கா. மெஷின்ல நீலம் ரெண்டாவது, பச்சை மூணாவது. வித்தியாசம் நொம்பக் கொஞ்சம்."

கண்ணம்மாள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "மறுக்காப் போட்டுப் பாரு கண்ணு. உங்க மிசினு பசியில்லாமத் தின்னிருக்கும்."

அடுத்த கூட்டத்தில் பானு மேடம் ரிப்போர்ட்டைப் பார்த்தார். சிவப்பு என்ற இடத்தில் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். பிறகு, "நீலத்துக்கும் பச்சைக்கும் மட்டும் ஏன் மாடும் மெஷினும் ஒத்துப்போகலை?" என்று கேட்டார். ஜாபெஸ் உள்பட எல்லாரும் ஆஷ்லினைப் பார்த்தார்கள்.

அவள் எழுந்து நின்று, கண்ணம்மாள் சொன்னதை அப்படியே சொன்னாள்.