சடையன் வீட்டுப் பட்டா

ஒடுகத்தூர் புளி வியாபாரி பஞ்சாட்சரம் யாரும் சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை. வைத்தியரிடமே மாத்திரைக்கு விலை பேசியவர். அப்படிப்பட்டவர், ஜமுனாமரத்தூரில் நாலாயிரம் பெறுமான ஓட்டு வீட்டை ஆயிரத்து எண்ணூற்றைம்பதுக்கு முடித்துவிட்டு மலையிறங்கிய அன்று, பஸ்ஸில் முன்பின் தெரியாதவனுக்கெல்லாம் வெற்றிலை மடித்துக் கொடுத்தார். கண்டக்டர்கூட ஒன்று வாங்கிக்கொண்டான்.

அது ஆவணி. இப்போது மார்கழி. அதே பஸ்ஸில் மலையேறிக்கொண்டிருந்தவருக்கு வெற்றிலை போடவே மனம் வரவில்லை.

வீடு சடையன் என்கிற மலைக் குடியானவனுடையது. கறவை மாடு வாங்கக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கினான். மாடு இரண்டாவது மழைக்கே செத்துப்போனது; கடன் சாகவில்லை. வட்டியைத் தின்று கொழுத்துக்கொண்டே போனது. கடைசியில் சங்கம் வீட்டைப் பிடித்து ஏலத்தில் வைத்தது. ஏலம் கேட்கப் பஞ்சாட்சரத்தைத் தவிர வேறு ஈ காக்கை வரவில்லை. வர இருந்த ஒரு ஆளுக்கும் அடிவாரத்திலேயே பிரியாணி வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்.

சங்கத்துச் செயலாளர் அருணகிரி கடன் காகிதக் கட்டைப் பிரித்தபோது வீட்டு மனைப் பட்டா அதில் இல்லை. 'பட்டா பிறகு தருவதாகச் சொன்னார்' என்று ஒரு துண்டுச் சீட்டு மட்டும் இருந்தது. கடன் கொடுக்கிற அவசரத்தில் வாங்காமல் விட்டிருந்தார்கள்.

பஞ்சாட்சரத்துக்குச் சர்க்கரை கொட்டியது போல இருந்தது. சொத்தையைக் காட்டி விலையைக் குறைப்பதுதானே அவர் தொழில்.

"இன்னா சார் இது, தலை இல்லாத ஆட்டை விக்கிறீங்க? உங்களுக்கு வரவேண்டிய பாக்கி எவ்ளோ?"

"அசலும் வட்டியுமா ஆயிரத்து எண்ணூத்தி அம்பது."

"அதைத் தர்றேன். அதுக்கு மேல ஒரு பைசா கெடையாது."

"நாலாயிரம் போற வூடுங்க. கடன் போவ மீதி சடையனுக்குச் சேரணும். பாருங்க, அதோ நிக்கிறான்."

தூணோரமாக ஒரு கிழவன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தான். பஞ்சாட்சரம் அவனைப் பார்த்தார். பார்க்காதது போல எழுந்து நடக்கத் தொடங்கினார். பத்தடி நடந்தால் கூப்பிடுவார்கள் என்பது கடைவீதிக் கணக்கு. எட்டாவது அடியிலேயே அருணகிரி கூப்பிட்டுவிட்டார்.

"ஆனா ஒண்ணு எழுதிக் குடுத்துடுங்க சாவுகாரே" என்று மட்டும் கேட்டார். பஞ்சாட்சரம் சந்தோஷமாக எழுதினார்: பட்டா இல்லாத குறையைத் தெரிந்தே, அதற்காக விலை குறைத்து வாங்கிக்கொண்டேன்.

வீடு அவருக்காக இல்லை, மகள் அம்சவல்லிக்காக. போளூர் ராஜாக்கண்ணுவின் மகன் ஜமுனாமரத்தூர் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வேலை பார்க்கிற ஊரிலேயே பெண் பேரில் வீடு இருந்தால் தை பிறந்ததும் தாலி என்று ராஜாக்கண்ணு சொல்லியிருந்தார். நிச்சயமும் ஆகி, புடவையும் எடுத்தாகிவிட்டது.

பத்திரம் பதிய வேண்டியதுதான் பாக்கி. பதிகிற இடத்தில் அருணகிரி கொடுத்த ஏலச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். 'சடையன் வீடு' என்று இருந்ததே தவிர, கிழக்கே எது, மேற்கே எது, எத்தனை அடி என்று ஒன்றும் இல்லை. பட்டாவைக் கொண்டுவரச் சொன்னார்கள். பட்டா கொடுத்த ஆபீசில் நகல் கேட்டதற்கு, அசலைக் காட்டினால் நகல் தருகிறோம் என்றார்கள். அருணகிரியிடம் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். அவர், பஞ்சாட்சரம் எழுதிக் கொடுத்த காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.

ராஜாக்கண்ணுவோ முந்தாநாள் ஆள் அனுப்பிவிட்டார். "வர்ற வெள்ளிக்குள்ள பத்திரம் கையில இல்லன்னா வேற எடம் பாத்துக்கறோம். தப்பா நெனைக்க வேணாம்." தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? பஞ்சாட்சரமாக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். அம்சவல்லி அன்றிலிருந்து சமையற்கட்டைவிட்டு வெளியே வரவில்லை.

பஸ்ஸைவிட்டு இறங்கினபோது பனி இன்னும் தரையைவிட்டு எழுந்திருக்கவில்லை. பூட்டிக் கிடந்த வீட்டுக்குப் பின்னால், மாடு கட்டியிருந்த கொட்டகையில் சடையன் பெண்சாதி செல்லி சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். சடையன் செத்து நாலு மாதம் ஆகப்போகிறது.

"ஏம்மா செல்லி, வூட்டுக்குப் பட்டான்னு ஒரு காயிதம் இருந்திருக்குமே. எங்க வெச்சிருக்க?"

"அவருகிட்டதான் கீது."

"யாருகிட்ட?"

"எங்க வூட்டுக்காரருகிட்ட." முறத்தை நிறுத்தாமலே சொன்னாள். "பொதைக்கிறப்ப அவரு கத்தி, வெத்தலைப் பை, கம்பளி எல்லாம் கூட வெச்சோம். அந்தக் காயிதத்துலயும் அவரு பேருதானே எழுதியிருக்குது? அதையும் வெச்சிட்டோம்."

பஞ்சாட்சரம் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

"மக்கிப் போயிருக்குமே!"

"மூங்கில் கொழாயில போட்டு, தேன்மெழுகு வெச்சி அடைச்சோம். சொட்டுத் தண்ணி எறங்காது."

மக்கிப்போயிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும் என்று தோன்றியது அவருக்கு. பத்திரமாக இருக்கிறது. நாலடி மண்ணுக்குக் கீழே, அம்சவல்லியின் கல்யாணம் மெழுகு வைத்து அடைத்துப் பத்திரமாக இருக்கிறது.

ஊர் மூப்பன் தீர்த்தகிரியைத் தேடிப் போனார். மண்ணைத் தோண்டுவதென்றால் வெட்ட வருவான் என்று பயந்துகொண்டே பேச்சை எடுத்தார். மூப்பன் நிதானமாகச் சொன்னான்:

"எடுக்கலாங்க, தப்பில்ல. இன்னாத்த எடுக்கறோம், பதிலுக்கு இன்னா தர்றோம்னு மண்ணுகிட்ட ஒரக்கச் சொல்லணும். அவரு வூட்டு மனுஷி 'போதும்'னு சொல்லணும். சொன்னா நானே மம்புட்டி எடுத்தாறேன். சொல்லலன்னா ஒருத்தரும் தொட மாட்டோம், உங்களையும் தொட வுட மாட்டோம்."

பஞ்சாட்சரத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கொடுத்து வாங்குவதுதானே! இதற்கென்றே பிறந்தவர் அல்லவா அவர்?

மேட்டில் கற்கள் குவித்திருந்த இடத்துக்கு மூன்று பேரும் போனார்கள். செல்லி தள்ளி உட்கார்ந்தாள். பஞ்சாட்சரம் தொண்டையைச் செருமிக்கொண்டார். பழக்கம் விடுமா? அடிவிலையில்தான் ஆரம்பித்தார்.

"சடையா, அந்தக் காயிதத்த எடுத்துக்கறேன். பதிலுக்குப் புதுக் கம்பளி ஒண்ணு."

செல்லி கற்குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்பளியும் பித்தளைக் கொடமும்."

காற்றில் அவள் முந்தானைதான் அசைந்தது.

"சரி, ரொக்கமா எரநூறு." கொஞ்சம் பொறுத்து, "ஐந்நூறு."

எதிர்விலை சொல்லாத ஆளிடம் எப்படிப் பேரம் பேசுவது? அவள் ஏற்றவில்லை, இறக்கவில்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. இந்த மாதிரி ஆளை அவர் எந்தச் சந்தையிலும் பார்த்ததில்லை. தன் விலையைத் தானே ஏற்றிக்கொண்டு போனார். எழுநூறு. ஆயிரம். ஆயிரம் என்று சொன்னபோது பெண்சாதி சுந்தரம்மாளின் இரட்டைவடச் சங்கிலி கண்முன் வந்துபோனது. வீட்டில் மிச்சமிருந்த நகை அது ஒன்றுதான்.

"ஏம்மா, இன்னாதான் வேணும் சொல்லேன்? எம் பொண்ணு கல்யாணம் நின்னுடும்மா."

அப்போதுதான் செல்லி திரும்பிப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை அந்தப் பார்வையில்.

"ஏலத்தன்னிக்கி அவரு விடியக்காலமே எழுந்து குளிச்சிட்டுப் போனாரு, சாவுகாரே. கடன் போவ மீதி நமக்கு வரும், அதுல ஒரு குடிசை கட்டிக்கலாம்னு சொல்லிட்டுத்தான் போனாரு. அங்க நின்னாரே, நீங்க பாத்தீங்களாமே?"

"பாத்தேன்."

"வந்து படுத்தவரு எழுந்திருக்கல. எட்டாம் நாள் பூட்டாரு. அன்னிக்கி நூறு ரூபா குடுத்திருந்தாக்கூட அவரே போதும்னு சொல்லியிருப்பாரு. அவரு சொல்ல வேண்டியதை நான் எப்பிடிச் சொல்றது? நானும் வாயத் தொறந்து பாக்கறேன், வரமாட்டேங்குது."

மூப்பன் குனிந்து ஒரு கல்லை நகர்த்தி, மறுபடி அதே இடத்தில் வைத்தான்.

கீழே பஸ் ஹாரன் கேட்டது. "கெளம்புங்க. பொழுது எறங்கினா வளைவுல பனி மறைச்சிக்கும்" என்றாள் செல்லி. அக்கறையாகத்தான் சொன்னாள்.

பஞ்சாட்சரம் எழுந்தார். நாலாயிரத்தில் ஆயிரத்து எண்ணூற்றைம்பது போனால் என்ன மீதி என்று கணக்குப் போட அவருக்கு விரல் தேவையில்லை. கற்குவியலைப் பார்த்து, இந்த முறை குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"ரெண்டாயிரத்து நூத்தி அம்பது."

ஆவணியில் சொல்லியிருக்க வேண்டிய விலை. செல்லி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். மெதுவாகத்தான் நடந்தார். எட்டாவது அடியில் கால் தானாகத் தயங்கியது. பத்தாவது அடியில் நின்று செருப்பில் கல் ஏறினது போலக் காலை உதறிக்கொண்டார். பிறகு பஸ் நின்ற இடம் வரைக்கும், காதை மட்டும் பின்னால் விட்டுவிட்டு நடந்துபோனார்.

யாரும் கூப்பிடவில்லை.