தண்ணீரில்லாத தொட்டி

எங்கள் பள்ளியில் ஐந்து வயதுப் பிள்ளைகள் விளையாடியே அறிவியல் கற்கிறார்கள். வாசலில் உள்ள பலகை அப்படித்தான் சொல்கிறது. பலகைக்கென்ன, வாயா வலிக்கப் போகிறது?

விளையாட்டு இதுதான். நீலப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று. அதில் கல், கார்க், கரண்டி என்று போட்டு, எது மூழ்கும் எது மிதக்கும் என்று பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் தாளாளர் அம்மாவுக்குத் தரை நனைந்தால் ஆகாது. அதனால் மூன்று வாரமாகத் தண்ணீர் ஊற்றாமலே கண்டுபிடித்தோம். காய்ந்த தொட்டிக்குள் கல்லைப் போடுவேன். டொக்கென்று விழும். உடனே பிள்ளைகள், "கல் மூழ்கும்!" என்று கத்துவார்கள். வெறுங்கையால் முழம் போடக் கற்றுக்கொடுத்து மாதச் சம்பளம் வாங்கிய ஆசிரியை நான்தான்.

முப்பது பேரில் ஒருத்தி மட்டும் கத்தமாட்டாள். இரட்டைச் சடை, எந்நேரமும் ஒழுகும் மூக்கு. தொட்டியை எட்டிப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

"அந்த ஊமைக்கோட்டான் ஒண்ணாம் வகுப்புக்கு லாயக்கில்ல. இன்னொரு வருஷம் இங்கயே உக்காரட்டும். கவனிக்கும் திறன் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு" என்றார் தாளாளர்.

எழுதிவிட்டேன். கையெழுத்து மட்டும் பாக்கி. மனசு கூசியது என்று பெருமையடித்துக்கொள்ளலாம். சோம்பல் என்பதுதான் நிஜம்.

கல்வித் துறை ஆய்வாளர் பள்ளியைப் பார்க்க வந்த அன்றுதான் அந்தத் தொட்டி முதன்முதலாகத் தண்ணீரைப் பார்த்தது. தெருக்கல் அசிங்கமாக இருக்கிறதென்று, தாளாளர் தன் வீட்டுக் குளியலறையிலிருந்து சுத்தமான கல் ஒன்று கொண்டுவந்திருந்தார். குதிகால் தேய்க்கும் நுரைக்கல். உடம்பெல்லாம் ஓட்டை. தினம் தேய்த்துக் குளிக்கிறவருக்கே அது மிதக்கும் என்று தெரியவில்லை.

போட்டார். ஜம்மென்று மிதந்தது.

"கல் மூழ்கும்!" என்று இருபத்தொன்பது பேரும் கத்தினார்கள்.

"பிரமாதம், பிரமாதம்" என்றார் ஆய்வாளர், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல். தாளாளர் கல்லை விரலால் அடியில் அழுத்திப் பிடித்தபடி பல்லைக் காட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்று நேரிலேயே பார்த்தேன். பார்த்துவிட்டுக் கைதட்டவும் செய்தேன். தூ, நானும் ஒரு ஜென்மம்.

ஆய்வாளர் அடுத்த வகுப்புக்கு நகர்ந்தார்.

"கைய எடுங்க மேடம்."

ஊமைக்கோட்டான்தான். தாளாளர் திடுக்கிட்டு விரலை எடுத்தார். கல் குபுக்கென்று மேலே வந்தது.

"பாத்தியா திமிர! அந்தத் தாள்ல இப்பவே கையெழுத்துப் போடு. அவங்கம்மா வெளிய காத்துக்கிட்டிருக்காங்க."

தாளை எடுத்தேன். கவனிக்கும் திறன் இல்லை. என் குண்டு குண்டு எழுத்து. அந்த அறையில் கண்ணைத் திறந்து வைத்திருந்தது அவள் ஒருத்திதான். எனக்கு வெட்கமாக இருந்தது. தாளை அவளிடம் நீட்டினேன்.

"இது மூழ்குமா மிதக்குமா, சொல்லு கண்ணு."

மற்ற பிள்ளைகள் விடைக்காக என் வாயைப் பார்த்தார்கள். அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"தெரியல மிஸ். போட்டாத்தானே தெரியும்?"

"போடு" என்றேன்.