ஒற்றை முத்திரைப் பலகை

வீடு வீடாகச் சேதி கொண்டுபோகும் சுற்றுப்பலகையில் ஒரே ஒரு முத்திரைதான் இருந்தது. தோமே அதை இருபுறமும் திருப்பிப் பார்த்தாள். பாலத்தடி வீட்டில் தொடங்கி ஒன்பது வீடும் வரிசையாகப் படித்து முத்திரை குத்திய பிறகே பலகை அக்கம்பக்கக் குழுத் தலைவியான அவளிடம் வர வேண்டும். அவள் அதைக் கடற்குகையில் இருக்கும் படகுப்படைக்குக் கொண்டுபோய்க் காட்டுவாள். யுத்தம் தொடங்கி நாலு வருஷமாக இந்த முறை மாறியதில்லை. இன்றைக்கோ கடைசி வீட்டுக்காரி ஃபுசா, தன் முத்திரையை மட்டும் குத்திக்கொண்டு மூச்சிரைக்க வந்து நிற்கிறாள்.

“யுத்தம் முடிஞ்சிருச்சாம், தோமே அக்கா! படிச்சுப் பாருங்க.”

படித்தாள். மஞ்சூரியாவுக்குள் ருஷ்யாக்காரன் புகுந்துவிட்டானாம். அரிசிக் கப்பல் ஒன்றுகூடக் கரை சேரவில்லையாம். சக்கரவர்த்தி நீடிக்க எதிரி சம்மதித்தானாம், இன்று நண்பகலோடு சண்டை நிறுத்தமாம். ஒரே குண்டில் ஊரையே சாம்பலாக்கப் போகிறான் அமெரிக்காக்காரன் என்று கோடை முழுக்க வதந்தி. அக்டோபரும் வந்தாயிற்று, அப்படி எதுவும் விழவில்லை. வெறும் பசியிலேயே யுத்தம் முடிந்துவிட்டதாமே, யார் நம்புவது?

“மத்த எட்டு வீடு என்னாச்சு?”

“மலைப்பக்கமா ஒரு ஆள் வந்து என் கையில குடுத்தான். வரிசை கெடக்கட்டும், மொதல்ல உங்களுக்குச் சொல்லணும்னு ஓடி வந்தேன். உங்க இசாமு குகையிலதானே இருக்கான்! என்னை அங்க கிட்டயே சேர்க்க மாட்டாங்க. நீங்கதான் போகணும்.”

“கிராம ஆபீஸ் ஆளு பாலத்து வழியாத்தானே வருவான்? மலைப்பக்கம் எதுக்கு வந்தான்?”

“அதெல்லாம் எனக்கென்னக்கா தெரியும்?”

ஃபுசா பத்து வருஷம் ஹவாயில் கரும்பு வெட்டியவள். எதிரி சோறு தின்றவளுக்கு முழுப் பங்கு எதற்கு என்று, போன மாதம் அவளுடைய சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பாதியாகக் குறைத்ததே தோமேதான். அப்படிப்பட்டவள் என் பிள்ளைக்காக ஓடி வருவாளா? வெளுத்ததெல்லாம் பாலா? எதிரி விமானம் போட்ட துண்டுக் காகிதத்தை நம்பிப் படகைவிட்டு இறங்கியவனைப் போன வாரம்தான் ராணுவப் போலீஸ் சுட்டுத் தள்ளியது.

“வெச்சுட்டுப் போ. நான் பார்த்துக்கறேன்.”

அவள் தலை மறைந்ததும் பலகையை அரிசிப் பெட்டிக்குப் பின்னால் செருகினாள்.

நாலு மணிக்கு இசாமு வந்தான். பத்தொன்பது வயது. அவன் ஓட்டுவது மூக்கில் வெடிமருந்து அடைத்த மரப்படகு. எதிரிக் கப்பலில் மோதப் போகிறவன் திரும்பி வருவதில்லை.

“பத்து நிமிஷம்தாம்மா விட்டாங்க. சாயங்காலம் கிளம்பறோம். ஊருக்குள்ள சேதி ஏதாவது உண்டா? பசங்க என்னென்னமோ பேசிக்கறானுங்க. புயல்ல டெலிபோன் கம்பி வேற அறுந்து கெடக்கு.”

தோமேவின் கண் அரிசிப் பெட்டிக்குப் போய்த் திரும்பியது. சொன்னால் இறங்கிவிடுவான். செய்தி பொய்யாக இருந்தால் பெற்ற பிள்ளையைத் தானே துப்பாக்கி முன் நிறுத்தியதாகும். மெய்யாக இருந்தால்? கடவுளே, மெய்யாக இருந்தால்?

“ஒண்ணும் இல்லடா. எவனாவது எதையாவது உளறினா காதுல போட்டுக்காதே.”

“சரி. திங்க ஏதாவது இருக்கா?”

பானையில் பாதிக் கிழங்கு கிடந்தது. தோலோடு தின்றான். வாசலில் நின்று ஒரு முறை குனிந்து வணங்கிவிட்டுப் போனான்.

பொழுது சாயும் நேரத்தில் கிராம ஆபீஸ் குமாஸ்தா கொமோரி, முழங்கால்வரை சேற்றோடு வந்தார்.

“பலகை வந்துச்சாம்மா? பாலத்தைப் புயல் அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. அதான் மலையைச் சுத்தி ஆளை அனுப்பினேன். குகையில காட்டிட்டீங்கல்ல?”

தோமே பலகையை உருவிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினாள். குகை வாசலில் ஒரு படகும் இல்லை, ஈர மணலில் இழுத்த தடங்கள்தான். காவலுக்கு நின்றவன் வாங்கிப் படித்தான். அவன் முகம் வெளுத்தது.

“எப்ப வந்துச்சு இது?”

“மத்தியானம்.”

“அவங்க போய் அரை மணி நேரம் ஆச்சேம்மா!”

காவல் வேலிக்கு வெளியே ஃபுசா நின்றிருந்தாள். கையில் துணி மூடிய சட்டி.

“இசாமு வெளிய வந்துட்டானாக்கா? கொலைப் பசியில இருப்பான். என் பங்குக் கிழங்கை வேகவெச்சு எடுத்துட்டு வந்தேன்.”

“என் வாயாலயே அனுப்பிட்டேனே, ஃபுசா!” என்று தோமே மணலில் விழுந்து அலறினாள். ஃபுசாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைத் தூக்கப் போனாள்.